பழைய 307-ஐத் தேடினால் 109 கிடைக்கிறது: பிஎன்எஸ் இருமொழிக் கைப்புத்தகம் வாங்கலாமா?

பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது கோர்ட்டிலும் ஸ்டேஷனிலும் எல்லோரும் பிஎன்எஸ் என்று சொல்கிற புதிய தண்டனைச் சட்டம், இடது பக்கம் ஆங்கிலம் வலது பக்கம் தமிழ் என்று அச்சிட்டு, கடைசியில் பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) எண்களோடு ஒப்பீட்டு அட்டவணையும் சேர்த்து ஒரு கைப்புத்தகமாகக் கிடைக்கிறது. விலை 380 ரூபாய். சென்னைப் பாரிமுனையில் ஒரு சட்டப் புத்தகக் கடையில் வாங்கினேன். பதிப்பகத்தின் பெயரை இங்கே போடவில்லை. இதே அமைப்பில் வேறு பதிப்பகங்களின் புத்தகங்களும் பக்கத்திலேயே அடுக்கியிருந்தன, புரட்டிப் பார்த்தவரை நிறையும் குறையும் பெரும்பாலும் ஒன்றுதான். நீங்கள் எதை எடுத்தாலும் கீழே சொல்வதை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

நான் தென்மாவட்டத்தில் கிரிமினல் சைடு பிராக்டிஸ் செய்கிறவன். வரப்புத் தகராறு, கோயில் கொடை சமயத்து முன்பகை, கல்யாண வீட்டில் ஆரம்பித்த வாய்ச்சண்டை, எல்லாம் ஏதோ ஒரு கட்டத்தில் அரிவாளில் போய் நிற்கும், எஃப்ஐஆரில் கொலை முயற்சி விழும். என்னிடம் வருகிற வழக்குகளில் இதுதான் அதிகம். சட்டப் புத்தகத்தை யாரும் கதைப் புத்தகம் மாதிரி முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை, தேவைப்படும்போது திறக்கிறோம். அதனால் கொலை முயற்சி என்ற இந்த ஒரு குற்றத்தை எடுத்துக்கொண்டு, அதில் நமக்கு வருகிற கேள்விகளுக்கெல்லாம் இந்தப் புத்தகம் பதில் சொல்கிறதா என்று பார்த்தேன். பாதிக்கு நன்றாகவே சொல்கிறது, ஒரு இடத்தில் தப்பாகச் சொல்கிறது, சில இடங்களில் வாயே திறக்கவில்லை.

முதலில் எண். 1860-இல் இயற்றி 1862 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவுகள். 2024 ஜூலை 1 அன்று அதன் இடத்துக்கு வந்த பிஎன்எஸ்-இல் 358 பிரிவுகள்தான். பிரிவுகளைச் சேர்த்தும் உட்பிரிவாக்கியும் மாற்றி அடுக்கியதில் தலைமுறை தலைமுறையாக வாயில் பழகின எண்களெல்லாம் இடம் மாறிவிட்டன. கொலை 302 இப்போது 103. கொலை முயற்சி 307 இப்போது 109. கொலையாகாத மரணம் விளைவிக்க முயல்வது 308 இப்போது 110. இந்த மூன்றையும் அட்டவணையில் கண்டுபிடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. இடது ஓரத்தில் ஐபிசி எண் வரிசை, நடுவில் பிஎன்எஸ் எண், அதற்கடுத்து குற்றத்தின் பெயர், வலது ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். எண் தேடுவதற்கு மட்டும் என்றால் இந்த அட்டவணைக்கு முழு மார்க் போடலாம்.

ஆனால் 109, 110 என்ற எண்கள் ஸ்டேஷன் பேச்சில் ஏற்கெனவே வேறு அர்த்தத்தில் ஓடிக்கொண்டிருந்தவை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (சிஆர்பிசி) 109 என்றால் சந்தேகத்துக்கு இடமாக மறைந்து திரிகிறவரிடம் நன்னடத்தைப் பிணை வாங்குவது, 110 என்றால் வழக்கமாகக் குற்றம் செய்கிறவர் என்று ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) முன் நிறுத்துவது. அது போக பழைய ஐபிசி 109 என்பது குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததற்கான தண்டனை. ஒரு எண்ணுக்கு மூன்று அர்த்தம். நடைமுறைச் சட்டத்தின் அந்த இரண்டும் இப்போது பிஎன்எஸ்எஸ் என்கிற புதிய நடைமுறைச் சட்டத்தில் 128, 129 ஆகிவிட்டன, ஆனால் காது இன்னும் பழசையே கேட்கிறது. பதினெட்டு வயதுப் பையனை வெட்டிவிட்டார்கள் என்று அவனுடைய அம்மா எஃப்ஐஆர் நகலைப் பாலித்தீன் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். “தம்பி, ஏட்டையா வாயால 307-ன்னுதான் சொன்னாரு. இதுல 109-ன்னு போட்டிருக்கு. காசு வாங்கிட்டுக் கேஸைக் குறைச்சிட்டாங்களா?” என்று கேட்டார். எஃப்ஐஆரில் இருந்தது 296(பி), 115(2), 118(1), 109(1), 351(3). பழைய கணக்கில் 294(பி), 323, 324, 307, 506(2). எதுவும் குறையவில்லை, எழுதினவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இந்தப் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் அந்த அம்மா உட்கார்ந்தார். தமிழ்ப் பக்கம் எதிரிலேயே இருந்தது பெரிய உதவி, ‘கொலை செய்ய முயல்தல்’ என்ற தலைப்பை அவரே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டார். இருமொழிப் பதிப்புக்குக் கூடுதல் காசு கொடுக்க இது ஒன்றே போதும் என்பேன்.

திருப்பிப் பார்க்கிற வசதியும் வேண்டும். அதாவது புதிய எண்ணிலிருந்து பழைய எண்ணுக்கு. புதிய சட்டத்தில் 307 என்று ஒரு பிரிவு இருக்கிறது, அது திருடுவதற்காகக் கொல்லவோ காயப்படுத்தவோ தடுத்து வைக்கவோ முன்தயாரிப்போடு போய்த் திருடுவது, பழைய 382. புதிய 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் எண்ணத்தோடு பேசுவது, பழைய 298. செய்தியில் ‘302-இல் வழக்குப் பதிவு’ என்று ஒருவர் எழுதினால் எந்தச் சட்டத்தின் 302 என்று கேட்டே ஆக வேண்டும். இந்தப் புத்தகத்தில் பழையதிலிருந்து புதியதற்குப் போகும் அட்டவணை மட்டும்தான், எதிர்த்திசை இல்லை. கூடுதலாகப் பத்துப் பக்கம் செலவழித்திருந்தால் முடிந்திருக்கும் வேலை, அதைச் செய்யாதது பெரிய குறைதான்.

அடுத்து பிரிவுக்குள்ளே போவோம். 109(1) சொல்வது பழைய 307-இன் முதல் பத்தி சொன்னதுதான். ஒருவர் ஒரு செயலைச் செய்கிறார், அந்தச் செயலால் மரணம் ஏற்பட்டிருந்தால் அது கொலைக் குற்றமாகி இருக்கும் என்கிற எண்ணத்தோடோ தெரிந்தோ அப்படிப்பட்ட சூழ்நிலையில் செய்கிறார் என்றால், பத்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். அந்தச் செயலால் யாருக்காவது காயம் ஏற்பட்டால் ஆயுள் தண்டனை வரை போகலாம். இதற்குக் கீழே உள்ள விளக்க எடுத்துக்காட்டுகளைப் புத்தகம் முழுசாகத் தமிழில் தந்திருக்கிறது, சில பதிப்புகளில் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால் பிரிவே புரியாது. கொல்லும் எண்ணத்தோடு துப்பாக்கி வாங்கிக் குண்டு நிரப்பி வைத்திருக்கிறவர் இன்னும் இந்தக் குற்றத்தைச் செய்யவில்லை, குறிபார்த்துச் சுட்ட கணத்தில் செய்துவிட்டார், குண்டு படாவிட்டாலும். விஷத்தைச் சாப்பாட்டில் கலந்து தன் கையிலேயே வைத்திருக்கிறவர் இன்னும் செய்யவில்லை, அந்தத் தட்டை எதிராளியின் மேஜையில் கொண்டுபோய் வைத்தால் செய்துவிட்டார். பச்சைக் குழந்தையைச் சாகட்டும் என்று ஆளில்லாத இடத்தில் விட்டுவிட்டு வந்தால், குழந்தை பிழைத்தாலும் குற்றம் முடிந்தது. எல்லாமே ஐபிசியின் முதல் வரைவை எழுதிய மெக்காலே காலத்துப் பாணி. புதிய சட்டம் இவற்றைத் தொடவில்லை, தொடாததும் நல்லதுதான், தயாரிப்புக்கும் முயற்சிக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று இதைவிட எளிமையாக யாரும் சொல்லிவிட முடியாது.

இதைப் புரிந்துகொள்ளாததால் வருகிற குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. காயம் சின்னது என்றால் கொலை முயற்சி நிற்காது, பெரியது என்றால் தானாக நின்றுவிடும் என்று இரண்டு தரப்புமே நம்புகிறார்கள். ஜிஹெச்-இல் போடுகிற ஏஆர் காப்பியை, அதாவது விபத்துப் பதிவேட்டு நகலை எடுத்து நீட்டி, “சார், டாக்டர் சிம்பிள்னுதான எழுதியிருக்காரு” என்பார்கள். சட்டம் கேட்கிற கேள்வி வேறு. என்ன எண்ணத்தோடு, என்ன ஆயுதத்தால், உடம்பில் எந்த இடத்தைக் குறிவைத்து, எந்தச் சூழ்நிலையில் என்பதுதான் கேள்வி. 1983-இல் மகாராஷ்டிர அரசு எதிர் பல்ராம் பாமா பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாகடிக்கக்கூடிய அளவு காயம் ஏற்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்தப் பிரிவுக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால் 1961-இல் ஓம் பிரகாஷ் எதிர் பஞ்சாப் அரசு. மனைவியைப் பட்டினி போட்டே சாகடிக்கப் பார்த்த கணவன், அந்தப் பெண் எப்படியோ தப்பி லூதியானா அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அரிவாளும் இல்லை, கத்தியும் இல்லை, ஆனாலும் 307 என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிரிவின் முதல் பத்தி வாசகம் அப்படியே தொடர்வதால் இந்தத் தீர்ப்புகள் 109-க்கும் வழிகாட்டும். புத்தகத்தில் தீர்ப்புக் குறிப்புகள் எதுவும் இல்லை, சட்ட வாசகத்தை மட்டும் தருகிற ‘பேர் ஆக்ட்’ என்ற வகைக்கு அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அட்டையில் ‘எளிய விளக்கவுரையுடன்’ என்று போட்டுவிட்டு, உள்ளே 109-க்கு இரண்டே வரி விளக்கம், அதிலும் ‘கடுமையான காயம் ஏற்படுத்திக் கொல்ல முயல்வது’ என்று எழுதியிருப்பது ஏற்க முடியாதது. காயமே படாமலும் இந்தக் குற்றம் முடியும் என்பதை எதிர்ப் பக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டே சொல்கிறதே!

இப்போது தப்பான இடத்துக்கு வருகிறேன். ஒப்பீட்டு அட்டவணையில் 307-க்கு நேராக 109, குறிப்புக் கட்டத்தில் ‘மாற்றம் இல்லை’ என்று இருக்கிறது. மாற்றம் இருக்கிறது. பழைய 307-இன் இரண்டாம் பத்தி, ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் இருக்கிற கைதி கொலை முயற்சி செய்து காயமும் ஏற்பட்டால் மரண தண்டனை விதிக்கலாம் என்றது, அவ்வளவுதான், வேறு தண்டனை அந்தப் பத்தியில் சொல்லவில்லை. புதிய 109(2) மரண தண்டனை ‘அல்லது’ ஆயுள் தண்டனை என்கிறது, அந்த ஆயுள் என்பது அவருடைய எஞ்சிய இயற்கை ஆயுட்காலம் முழுவதும் என்றும் சொல்கிறது. அந்தச் சம்பவத்தில் யாரையும் கொல்லாத ஒருவரைத் தூக்கில் போடலாம் என்று மட்டும் ஒரு பத்தி சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், இன்னொரு வழியும் எழுத்தில் வந்திருக்கிறது. இதற்கு ஒரு பின்னணியும் உண்டு. ஆயுள் கைதி கொலை செய்தால் மரண தண்டனை கட்டாயம் என்ற பழைய 303-ஐ உச்ச நீதிமன்றம் 1983-இல் மித்து எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் செல்லாது என்று ரத்து செய்தது. அது பிஎன்எஸ் 104-ஆகத் திரும்பி வந்தபோது மரணம் அல்லது எஞ்சிய ஆயுள் முழுக்கச் சிறை என்று வந்தது, அதே வாசகம்தான் 109(2)-லும். இந்த வகை வழக்கு ஜில்லா கோர்ட்டில் அபூர்வமாகத்தான் வரும், உண்மைதான். வந்தால் அது ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அங்கே ‘மாற்றம் இல்லை’ என்று அச்சில் இருக்கக் கூடாது. கொடுமை என்னவென்றால் புத்தகத்தின் உள்ளே 109(2)-இன் தமிழ் வாசகம் சரியாகவே இருக்கிறது. அட்டவணை போட்டவர் பிரிவைத் திறந்து பார்க்கவில்லை.

அட்டவணையை நம்பி அக்கம்பக்கத்துப் பிரிவுகளுக்குப் போனால் இதே கதி. கொலை முயற்சி வழக்கு தனியாக வருவதில்லை, காயப் பிரிவுகளோடு சேர்ந்துதான் வரும், டிஃபன்ஸ் தரப்பின் பெரும்பாலான வாதமும் “307 ஆகாது ஐயா, அதிகபட்சம் 326 அல்லது 324” என்பதாகத்தான் இருக்கும். ஆயுதத்தால் கொடுங்காயம் என்ற அந்த 326 இப்போது 118(2), அதில் முன்பு இல்லாத ஒன்று சேர்ந்திருக்கிறது: குறைந்தபட்சம் ஓராண்டுச் சிறை. கொலை முயற்சிக்கோ 109(1)-இல் குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் கிடையாது. மேலே இருக்கிற குற்றத்துக்குத் தரை இல்லை, கீழே இறக்கிக்கொண்டு வந்தால் தரை இருக்கிறது. கட்சிக்காரருக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த வாதத்தை எடுக்க வேண்டும். கொடுங்காயம் என்பதற்கான விளக்கத்திலும் 20 நாள் கடும் வேதனை அல்லது அன்றாட வேலை செய்ய முடியாமை என்று இருந்தது, 116-இல் 15 நாள் ஆகிவிட்டது. டாக்டரிடம் குறுக்கு விசாரணை செய்கிறவர்கள் மனப்பாடமாக 20 என்று கேட்டால் அங்கேயே சறுக்கும். இதற்கெல்லாம் மேலாக 117(3). கொடுங்காயத்தால் ஒருவருக்கு நிரந்தர ஊனமோ மீளாத செயலற்ற நிலையோ ஏற்பட்டால் பத்து ஆண்டுக்குக் குறையாத கடுங்காவல், எஞ்சிய ஆயுள் முழுக்க வரை. தலையில் கம்பியால் அடிபட்டு, உயிர் மட்டும் இருந்து, கண் திறந்தும் யாரையும் அறியாமல் படுத்திருக்கிறவர்களின் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். பழைய சட்டத்தில் எண்ணத்தை நிரூபிக்க முடியாமல் 307 விழுந்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சினது அடித்தது எதனால் என்பதைப் பொறுத்து 325 அல்லது 326, இரண்டிலும் குறைந்தபட்சம் என்று ஒன்று கிடையாது. இன்று கொலை எண்ணம் நிரூபணம் ஆகாவிட்டாலும் பத்து ஆண்டுக்கான வழி 117(3)-இல் இருக்கிறது. புதிய சட்டத்தில் நான் மனதார வரவேற்கிற இடம் இது. அட்டவணையின் குறிப்புக் கட்டத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை, 325-க்கு நேரே 117(2) என்று போட்டு முடித்துவிட்டார்கள்.

வரவேற்காத இடமும் ஒன்று உண்டு. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டாகச் சேர்ந்து சாதி, இனம், மொழி போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால் அதற்கென்று 103(2) தனியாக வந்திருக்கிறது. அப்படி வெட்டப்பட்டவர் பிழைத்துக்கொண்டால் 109-இல் அதற்கு இணையான உட்பிரிவு கிடையாது, கொடுங்காயத்துக்கு 117(4) மட்டும் உண்டு, அதில் உச்சம் ஏழு ஆண்டு. எங்கள் மாவட்டங்களில் சாதி பார்த்து அரிவாள் தூக்குகிற கும்பல் தாக்குதல்களை அறிந்தவர்களுக்கு இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று தெரியும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) துணைக்கு வரும், பத்து ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்ற கணக்கில் 109 அதற்குள் விழும். அந்தச் சட்டத்தில் ‘இந்திய தண்டனைச் சட்டம்’ என்று இருப்பதை 1897-இன் பொது உட்கூறுகள் சட்டம் 8-ஆம் பிரிவின்படி புதிய சட்டமாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

சரி, புத்தகத்தின் சிறந்த பகுதி எது என்றால், யாரும் புரட்டாத கடைசி நான்கு பக்கம். ‘எந்தத் தேதிக்கு எந்தச் சட்டம்’ என்று ஒரு இணைப்பு. இதைத்தான் முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும். கொலை முயற்சி வழக்கில் எந்தச் சட்டம் என்பதை முடிவு செய்வது சம்பவத் தேதி, எஃப்ஐஆர் தேதி இல்லை. 2024 ஜூன் 30 ராத்திரி பத்து மணிக்கு டீக்கடை வாசலில் வெட்டு விழுகிறது, காயம்பட்டவரை ஜிஹெச்-இல் சேர்த்து, ஜூலை 1 காலையில் ஏட்டு போய் வாக்குமூலம் வாங்கி எஃப்ஐஆர் போடுகிறார் என்று ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். குற்றம் ஐபிசி 307. எஃப்ஐஆர் பதிவு செய்வது பிஎன்எஸ்எஸ் 173-இன் கீழ். ஒரே தாளில் பழைய சட்டமும் புதிய சட்டமும். பார்க்கிறவருக்குத் தப்பு மாதிரி தெரியும், சரியானது அதுதான். செயல் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதைத் தாண்டி ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(1) சொல்கிறது, பிஎன்எஸ் 358-ம் பழைய சட்டத்தின் கீழ் ஏற்பட்ட பொறுப்புகளைக் காப்பாற்றி வைக்கிறது. நடைமுறைச் சட்டத்துக்கு வேறு கணக்கு: ஜூலை 1-க்கு முன்பே தொடங்கிவிட்ட விசாரணையும் வழக்கும் பிஎன்எஸ்எஸ் 531-இன்படி பழைய சிஆர்பிசியிலேயே தொடரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சாமானியனுக்குப் புரிகிற தமிழில் எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் நன்றி. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து வெகுநாள் கழித்துப் புகார் கொடுக்கிறவர்கள், ஊர்ப் பஞ்சாயத்து பேசிப் பேசித் தாமதமாக ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள் என்று இந்தச் சிக்கல் நிஜமாகவே வந்துகொண்டிருக்கிறது.

இதனாலேயே இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. புதுசு வாங்கியாச்சு என்று பழைய ஐபிசி புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2024 ஜூன் 30 வரைக்குமான சம்பவங்களுக்கு செஷன்ஸ் கோர்ட்டில் 307 இன்னும் பல வருடம் ஓடும், அதற்கு மேல் அப்பீல் இருக்கிறது.

அடுத்த குறை, இது பிஎன்எஸ் மட்டும். கொலை முயற்சி வழக்கில் சிக்கிய குடும்பம் முதலில் கேட்பது தண்டனை எத்தனை வருடம் என்று இல்லை, “பெயில் கிடைக்குமா, எப்போ வெளிய வருவான்” என்றுதான். அந்தப் பதில்கள் பிஎன்எஸ்எஸ் என்கிற நடைமுறைச் சட்டத்தில் இருக்கின்றன. 109 கைது செய்ய வாரண்ட் வேண்டாத குற்றம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம், செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிப்பது. இதைப் புத்தகத்தின் பின்னால் ஒரு சின்ன அட்டவணையாகக் கொடுத்திருக்கிறார்கள், நல்ல வேலை. ஆனால் முன்ஜாமீன் 438 இப்போது 482, வழக்கமான ஜாமீன் 439 இப்போது 483, குற்றப்பத்திரிகை தாக்கலாகாமல் 90 நாள் ஓடிவிட்டால் உரிமையாகக் கிடைக்கிற ஜாமீன் 167(2) இப்போது 187(3) என்பதற்கெல்லாம் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கலாம். குறிப்பாக 482. இத்தனை காலமாக 482 என்றால் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்பது, இப்போது அது 528-க்குப் போய், 482 முன்ஜாமீன் ஆகிவிட்டது. கட்சிக்காரர் போனில் “482 போட்டாச்சா” என்று கேட்டால் எதைக் கேட்கிறார் என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அரிவாள் ரெகவரிக்கு, அதாவது கைதானவர் சொன்னதை வைத்து ஆயுதத்தைக் கைப்பற்றுவதற்கு, வாய்ப்பாடாக இருந்த சாட்சியச் சட்டம் 27-ம் இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23-ஆம் பிரிவின் வரம்புரையாக (ப்ரொவைசோ) உட்கார்ந்திருக்கிறது. தேடுதலையும் பொருள் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்கச் சொல்கிற பிஎன்எஸ்எஸ் 105 புதிது, அரிவாளை எடுத்துக் காட்டிய காட்சி பதிவாகியிருக்கிறதா என்பது இனி ஒவ்வொரு ரெகவரி சாட்சியிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

ராஜியாகப் போக முடியுமா என்ற கேள்விக்கும் இங்கே பதில் இல்லை. பழையதிலும் புதியதிலும் கொலை முயற்சி சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் கிடையாது. இருந்தாலும் இரு தரப்பும் உண்மையாகவே சமாதானமாகிவிட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 2014-இன் நரீந்தர் சிங் வழக்கிலும் 2019-இன் லட்சுமி நாராயண் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. எஃப்ஐஆரில் 307 என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்காமல் காயம், ஆயுதம், அடிபட்ட இடம் எல்லாவற்றையும் பார்த்து அந்தப் பிரிவுக்கு உண்மையில் முகாந்திரம் உண்டா என்று நீதிமன்றம் எடைபோடும், இது சமூகத்துக்கு எதிரான கொடிய குற்றம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளும். ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் கேஸ் முடிந்தது என்று நம்பி, பிறகு வாரண்ட் வந்து திகைக்கிற குடும்பங்களுக்கு இந்த நான்கு வரி போய்ச் சேர வேண்டும். ‘எளிய விளக்கவுரை’ என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் எழுத வேண்டும்.

தற்கொலை முயற்சி 309 பற்றி அட்டவணை ‘நீக்கப்பட்டது’ என்கிறது. சரிதான், ஆனால் பக்கத்திலேயே 226-ஐயும் போட்டிருக்க வேண்டும். அரசு ஊழியரை ஒரு வேலையைச் செய்யவைக்கவோ செய்யவிடாமல் தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை வெறுங்காவல், அபராதம் அல்லது சமூக சேவை. மனுநாளில் கலெக்டர் அலுவலக வாசலில் மண்ணெண்ணெய் கேனோடு வருகிற ஏழைகள் மேல் இந்தப் பிரிவு பாயக்கூடும், அவர்களுக்காகப் பேசுகிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது.

அச்சு, கட்டமைப்பு எல்லாம் பரவாயில்லை. தாள் மெல்லிசு, மறுபக்க எழுத்து லேசாகத் தெரிகிறது, ஆனால் தமிழ் எழுத்து கண்ணாடி போடுகிறவர்களுக்கும் உறுத்தாத அளவு. தைத்த பைண்டிங், தினமும் பையில் கிடந்தும் இன்னும் தாள் கழன்று வரவில்லை. தமிழ்ப் பக்கத்தில் வாக்கியங்கள் நீளம், அது மூலத்தின் நீளம், பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன்.

இதே விஷயம் இலவசமாகவும் கிடைக்கிறது. இந்தியா கோட் தளத்தில் சட்டத்தின் ஆங்கில வாசகம் முழுதும் இருக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சங்கலன் செயலியில் பழைய–புதிய பிரிவு ஒப்பீடு இருக்கிறது, நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஜூனியர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் அந்தச் செயலியைப் போட்டுக்கொண்டு, காசு செலவழிப்பதானால் பிஎன்எஸ்எஸ்-உம் புதிய சாட்சியச் சட்டமும் சேர்ந்த மூன்று சட்டப் பதிப்பை வாங்கலாம். ஸ்டேஷன் ரைட்டர், வக்கீல் குமாஸ்தா, சட்ட உதவி மையத் தன்னார்வலர், வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறதால் என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று தானே படித்துப் பார்க்க நினைக்கிறவர், இவர்களுக்கு இந்த இருமொழிப் புத்தகம் கண்டிப்பாகப் பிரயோஜனப்படும், அட்டவணையின் ‘மாற்றம் இல்லை’ கட்டத்தை நம்பாமல் பிரிவையே திறந்து படிப்பதாக இருந்தால்.

வாங்குவதானால் கடையில் நின்றபடியே மூன்று இடம் பாருங்கள். 109-இன் இரண்டாம் உட்பிரிவில் எஞ்சிய இயற்கை ஆயுட்காலம் என்று இருக்கிறதா, 116-இல் பதினைந்து நாள் என்று இருக்கிறதா, 118(2)-இல் ஓராண்டுக்குக் குறையாத என்று இருக்கிறதா. மசோதா நிலையில் இருந்த வரைவை அப்படியே அச்சடித்த பதிப்பு ஏதாவது அடுக்கில் கிடந்தாலும் கிடக்கும், அதனால் 2023 டிசம்பர் 25 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற சட்டம், எண் 45 என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பாரிமுனையில் பத்து சதவீதம் தள்ளுபடி கேட்டால் தருகிறார்கள்.